பனி மறைக்காத கடிகாரம்: நீலகிரியில் ஜிபிஎஸ் நேரம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாரிடமாவது, ஜிபிஎஸ்ஸை வைத்துக் கடிகாரத்தைத் துல்லியமாக ஓட்டலாம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி இப்படித்தான் வரும்: "ஏங்க, நாலு தூறல் விழுந்தாலே டிவி போயிடுது. இந்த மிஸ்ட்ல அது மட்டும் எப்படிங்க வேலை செய்யும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் டிவி டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனமழை அதை உறிஞ்சும், சிதறவும் அடிக்கும். ஜிபிஎஸ்ஸின் முக்கிய அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் மழைத்துளியும் அதைவிடச் சிறிய பனித்திவலையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழையிலும் டிவி போகும். ஜிபிஎஸ் சிக்னல் கீழே வந்துகொண்டுதான் இருக்கும்.

மலையில் ஜிபிஎஸ் நேரத்தைக் கெடுப்பவை வேறு. பள்ளத்தாக்கின் இருபுறச் சுவர், ஈரம் சொட்டும் இலைகள், மின்னல், உயரத்தைத் தப்பாகக் கொடுப்பது, அப்புறம் பொழுது சாய்ந்த பிறகு தலைக்கு மேலே நடக்கும் ஒரு கூத்து. இவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், வழி காட்டும் கருவி எப்படிக் கடிகாரம் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையில் அது ஆரம்பத்திலிருந்தே கடிகாரம்தான். வழி சொல்வது அதன் உபரி வேலை.

ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரங்களோடு சுற்றுகிறது. அது அனுப்பும் செய்தியின் சாரம் இவ்வளவுதான்: நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இது. அந்தச் செய்தி தரைக்கு வர, தலைக்கு நேர் மேலே இருந்தால் 67 மில்லி வினாடி ஆகும். அடிவானத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ரிசீவருக்குள் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் 300 மீட்டர் தப்பு. ஆனால் அந்தப் பிசகு எல்லாச் செயற்கைக்கோளுக்கும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே இடத்துக்கு மூன்று, நேரத்துக்கு ஒன்று என நான்கு தெரியாத எண்கள்; நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் நான்கையும் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் போன் மூன்று மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டுகிறது என்றால், அந்த நொடியில் அதன் கணக்கில் நேரம் சுமார் பத்து நானோ வினாடிக்குள் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தை மேப் வீணாக்கிவிடுகிறது. நேரத்துக்கென்றே செய்த ரிசீவர் அதை வெளியே எடுத்துத் தருகிறது.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கணக்கும் இதற்குள் வந்துவிடும். வேகத்தால் செயற்கைக்கோள் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ வினாடி பின்தங்கும், ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ வினாடி முந்தும். நிகரம் 38. இதைக் கணக்கில் வைத்துத்தான் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓட வைக்கிறார்கள்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜிபிஎஸ் நேரம் என்பது உலகப் பொது நேரம் அல்ல. 1980 ஜனவரி 6 அன்று இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக, பொது நேரத்தில் அவ்வப்போது ஒரு வினாடி கூட்டி லீப் வினாடிகள் சேர்த்தார்கள், ஜிபிஎஸ்ஸில் சேர்க்கவில்லை. 2017 தொடக்கத்திலிருந்து ஜிபிஎஸ் 18 வினாடி முன்னால் ஓடுகிறது. எத்தனை வினாடி கழிக்க வேண்டும் என்பதையும் செயற்கைக்கோளே சொல்லிவிடும். ஆனால் அந்தத் தகவல் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும். புதிதாகச் சுவிட்சைப் போட்ட ரிசீவர் முதல் சில நிமிடம் வினாடியைத் தப்பாகக் காட்டினால் பதற வேண்டாம், காத்திருந்தால் போதும்.

துடிப்பும் எழுத்தும்

ரிசீவர் பலகையை மேசையில் வைத்து நெருங்கிப் பார்த்தால் இரண்டு விதமான வெளியீடுகள் தெரியும். ஒன்று, எழுத்து வரிகள்: தேதி, மணி, நிமிடம், வினாடி, அட்சம், தீர்க்கம் எல்லாம் வரிசையாகக் கம்பியில் வந்து விழும். இன்னொன்று, ஒரே ஒரு முனையில் வினாடிக்கு ஒரு முறை எழும் மின் துடிப்பு. ஒரு பொடி விளக்கும் அதோடு சேர்ந்து மினுக்கும். ஆகாசவாணியில் செய்திக்கு முன்னால் வரும் பீப் ஒலியையும் அறிவிப்பாளர் குரலையும் நினைத்துக்கொள்ளுங்கள். மணி என்ன என்று குரல் சொல்லும். சரியாக எந்தக் கணம் என்று பீப்தான் சொல்லும்.

எழுத்து வரிகளை மட்டும் நம்பிக் கணினியின் கடிகாரத்தைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வரி, வினாடி பிறந்து நூறு, இருநூறு மில்லி வினாடி கழித்துத்தான் வந்து சேரும். அந்தத் தாமதமும் வினாடிக்கு வினாடி மாறும். துடிப்பின் எழுமுனையோ உண்மையான வினாடிக்குச் சில பத்து நானோ வினாடிக்குள் நிற்கும். யுஎஸ்பி வழியாக மட்டும் இணையும் ரிசீவர்களில் பெரும்பாலும் இந்தத் துடிப்பு கணினிக்கு வருவதே இல்லை. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியில் துடிப்பு முனையைத் தனிக் கம்பியால் இணைத்து, கணினிகளின் நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி மென்பொருளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், சில ஆயிரம் ரூபாயில் ஒரு மைக்ரோ வினாடிக்கு அருகில் நிற்கும் நேர சர்வர் கிடைத்துவிடும்.

இது எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கட்சி. தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் கணினி ஒரு நேரமும், வாசல் சிசிடிவி ஒரு நேரமும், வருகைப் பதிவு மெஷின் இன்னொரு நேரமும் காட்டினால், மூன்றையும் இணையத்தில் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்துவிட்டால் சரி. கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் அதைத்தான் சொல்கிறது: தேசியத் தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றை அடியொற்றிய சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும். மில்லி வினாடிக் கணக்குக்கு அதுவே தாராளம். மண் சரிந்து ஃபைபர் அறுந்து ரெண்டு நாள் இணையம் இல்லாமல் போகிற ஊரில் மட்டும், கூரையில் ஒரு ஜிபிஎஸ் ஆண்டெனா இருந்தால் அந்த ரெண்டு நாளும் நேரம் நழுவாது.

கூரையில் என்ன நடக்கிறது

ஆண்டெனா வைக்கும் இடம்தான் பாதி வேலை. மூடுபனி தடுக்காத சிக்னலை மரம் தடுக்கும். எஸ்டேட்டுகளில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும், பங்களாவைச் சுற்றி நிற்கும் கற்பூர மரமும், இலை நனைந்ததும் சிக்னலை நன்றாகவே உறிஞ்சும். மழையில் ஜிபிஎஸ் போனது என்று யாராவது சொன்னால், வானத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்து மரத்தைப் பாருங்கள். தகரக் கூரையிலிருந்து எதிரொலித்து வரும் சிக்னல் நேராக வருவதைவிட நீண்ட வழியில் வருவதால் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். கேபிளும் தன் பங்குக்குத் தாமதப்படுத்தும்: சாதாரணக் கோஆக்ஸ் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோ வினாடி. கூரையிலிருந்து கீழ் அறைக்கு 30 மீட்டர் என்றால் 150 நானோ வினாடி. இது மாறாத எண் என்பதால் ரிசீவரில் ஒருமுறை பதிந்துவிட்டால் போதும்.

பர்லியார் பக்கம் மாதிரி இருபுறமும் மலை எழும்பி நிற்கும் இடங்களில் வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். நான்கு செயற்கைக்கோள்கள் எப்போதும் கிடைக்குமா என்பது சந்தேகம். இங்கேதான் நேர ரிசீவருக்கு ஒரு சலுகை உண்டு. கூரை நகராது. இடம் ஏற்கனவே தெரிந்துவிட்டால், தெரியாத எண் நேரம் ஒன்று மட்டும்தான். அதற்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும். அதனால் நேர ரிசீவர்கள் முதலில் மணிக்கணக்காகத் தங்கள் இடத்தை அளந்து சராசரி எடுக்கும். பிறகு அதை நிலையாகப் பிடித்துக்கொண்டு நேரத்தை மட்டும் தேடும்.

அந்தச் சராசரிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இடத்தைக் கையால் தட்டிக் கொடுப்பவர்கள் தென்னிந்தியாவில் ஒரு குழியில் விழ வாய்ப்பு உண்டு. ரயில் நிலையப் பலகையில் எழுதியிருப்பது கடல் மட்டத்திலிருந்து உயரம். ஜிபிஎஸ்ஸுக்கு உள்ளே வேறு அடிமட்டம்: பூமிக்குப் பொதுவாக வரைந்து வைத்த ஒரு கணித உருண்டை. உலகத்திலேயே ஈர்ப்பின் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அதனால் நம் பக்கத்துக் கடல் மட்டம் அந்த உருண்டைக்குக் கீழே கிட்டத்தட்ட 90 மீட்டர் இறங்கிக் கிடக்கிறது. பலகை உயரத்தை அப்படியே கொடுத்தால் ரிசீவர் தன்னை 90 மீட்டர் மேலே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தலைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள் கணக்கில் அது 300 நானோ வினாடிப் பிழை. ஐரோப்பாவில் எழுதிய கையேட்டில் இந்த எச்சரிக்கை சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே வித்தியாசம் பெரும்பாலும் இதில் பாதிதான்.

இனி பொழுது சாய்ந்த பிறகு நடக்கும் கூத்து. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி வட்டாரத்தை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே இதுதான் காரணம். கொடைக்கானல் வானாய்வகம் சூரியனோடு சேர்த்து, காற்றுமண்டலத்தின் மேலே மின்துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தையும் பல காலம் அளந்ததற்கும் இந்த இருப்பிடம் தோதானது. பகலில் சூரியன் காய்ச்சிய மின்துகள்கள் ஜிபிஎஸ் அலையைப் பத்துக் கணக்கான நானோ வினாடிகள் தாமதப்படுத்தும். ஒற்றை அலைவரிசை ரிசீவரில் இருக்கும் திருத்தச் சூத்திரம் அதில் சுமார் பாதியைத்தான் கழிக்கும். சூரியன் மறைந்ததும் இந்த அடுக்கில் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி மேலே ஏறும். அவற்றின் ஊடாக வரும் சிக்னல் நட்சத்திரம் போல மினுமினுக்கும். சில சமயம் ரிசீவரின் பிடியே விட்டுப் போகும். மார்ச், ஏப்ரல், அப்புறம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் இது அதிகம். இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் ரிசீவர் தாமதத்தைத் தானே அளந்து கழித்துவிடும். மினுமினுப்புக்கு அது மருந்தல்ல. ஆக, இரவு எட்டு மணிக்குத் தெளிந்த வானத்தில் ரிசீவர் தடுமாறுவதும், காலையில் பத்தடிக்கு முன்னால் ஆள் தெரியாத பனியில் ஜம்மென்று ஓடுவதும் இந்த மலையில் சகஜம்.

(சூரியக் காற்றைக் கடந்து வரும் ரேடியோ அலைகளும் இதே மாதிரி மினுமினுக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் அந்த மினுமினுப்பைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்குத் தரவு.)

ஒரே மலையில் மூன்று விதத் தேவை

முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவானது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை அளவுக்கே, அதாவது சுமார் 11 டிகிரி, சாய்ந்த ஒரு சரிவில் வடக்கு தெற்காகக் கிடப்பதால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே திசையில் திருப்பினாலே வானத்துப் பொருளைப் பின்தொடரலாம். அங்கே கவனிக்கும் பொருள்களில் ஒன்று வேலா பல்சார். 89 மில்லி வினாடிக்கு ஒரு சுற்று சுற்றும் நியூட்ரான் விண்மீன். எப்போதாவது ஒருமுறை அது திடீரென்று கொஞ்சம் வேகம் கூடும். 2016 டிசம்பரில் அப்படி நடந்தபோது வேகம் கூடியது பத்து லட்சத்தில் சுமார் 1.4 பங்கு.

இந்த எண்ணைக் கடிகாரப் பக்கத்திலிருந்து பாருங்கள். கணினிப் பலகையில் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகலாம். ஒரு நாளைக்கு 1.7 வினாடி. வெயில் ஏறினால் ஒரு மாதிரி, ஜனவரி இரவில் புல்லில் உறைபனி படியும்போது வேறு மாதிரி ஓடும். அதை வைத்துப் பல்சாரை அளந்தால், வேகம் மாறியது விண்மீனா, அறையில் இருக்கும் படிகமா என்றே சொல்ல முடியாது. பல்சார் வேலைக்கு ஜிபிஎஸ்ஸோடு கட்டிய கடிகாரம் வசதிக்கல்ல. அது இல்லாமல் அளவே இல்லை.

ஊட்டியிலேயே இன்னொரு ஆய்வுக்கூடத்தில் கிரேப்ஸ்-3 இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் ஒரு காஸ்மிக் துகள் காற்றில் மோதிச் சிதறி, தட்டையான ஒரு தகடு போலப் பல லட்சம் துகள்களாகத் தரையில் இறங்கும். எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பி வைத்த சுமார் 400 உணரிகள் அதைப் பிடிக்கின்றன. தகடு 30 டிகிரி சாய்ந்து வந்தால் அடுத்தடுத்த இரண்டு உணரிகளுக்கு நடுவே 13 நானோ வினாடி வித்தியாசம். துகள் வந்த திசையே இந்த வித்தியாசத்திலிருந்துதான் தெரிகிறது. ஆனால் இதற்கு ஜிபிஎஸ் தேவையில்லை. உணரிகளின் கேபிள்கள் எல்லாம் ஒரே அறைக்கு வந்துவிடுவதால், உள்ளூர் மின்னணுக் கடிகாரமே வித்தியாசத்தை அளந்துவிடும். அர்ஜென்டினாவில் இருக்கும் பியர் ஆஜே ஆய்வகம் அப்படியில்லை. 3,000 சதுர கிலோமீட்டர், அதாவது நீலகிரி மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பில், 1,600க்கு மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகள் ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. கேபிள் இழுப்பது நடக்காத காரியம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி ஜிபிஎஸ்.

2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் உருவானதை கிரேப்ஸ்-3, காஸ்மிக் துகள் சிதறும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களைக் கொண்டு கண்டுபிடித்தது. அந்த மேகம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்பதைச் சில கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த மின்புல அளவிகளிலிருந்து கணக்கிட்டார்கள். மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் என்று வந்தது. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்க ஒரு நிமிடம். இங்கே கடிகாரங்கள் வினாடி அளவில் ஒத்திருந்தாலே போதும். எந்த வேலைக்கு எவ்வளவு துல்லியம் என்று முதலில் கேட்டுவிட்டுச் செலவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்கு வெளியே, மலைக்கு மிகவும் பொருந்துகிற பயன் மின்கம்பியில் இருக்கிறது. பைக்காராவில் 1932இல் தொடங்கி, குந்தாவில் விரிந்த நீர்மின்சாரம் சோலையையும் பள்ளத்தையும் தாண்டிச் சமவெளிக்கு இறங்குகிறது. நடுவே எங்கோ மரம் சாய்ந்து கம்பியில் பழுது என்றால், அந்தப் புள்ளியிலிருந்து மின் அலை இருபுறமும் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடும். இரு முனையிலும் ஜிபிஎஸ் நேரம் வைத்திருந்தால், எந்த முனைக்கு எவ்வளவு முந்தி வந்தது என்பதிலிருந்து பழுதான இடத்தைக் கணிக்கலாம். நேர வித்தியாசத்தில் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் இடத்தில் 150 மீட்டர் பிசகும். ஏறக்குறைய இரண்டு டவர்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தில் பாதி. யானை நடமாடும் காட்டில் லைன்மேன் எந்த டவருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவது சின்ன விஷயமில்லை.

செல்போன் டவர் கதை சுருக்கமானது. பெரும்பாலான 5ஜி அலைவரிசைகளிலும், சில 4ஜி அலைவரிசைகளிலும், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். பக்கத்து டவர் வாங்கும் நேரத்தில் இந்த டவர் கத்தினால் காரியம் கெட்டது. ஒவ்வொரு டவரும் பொது நேரத்துக்கு ஒன்றரை மைக்ரோ வினாடிக்குள் நிற்க வேண்டும். டவர் பக்கத்தில் காளான் மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது பெரும்பாலும் அந்த வேலைக்கு வைத்த ஆண்டெனா.

சிக்னல் போனால்

ஜிபிஎஸ் நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் கடிகாரம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகும் படிகம், டவருக்கு அனுமதித்த ஒன்றரை மைக்ரோ வினாடியை ஒன்றரை வினாடியிலேயே தின்றுவிடும். சூட்டுப் பெட்டிக்குள் வெப்பம் மாறாமல் வைத்த நல்ல குவார்ட்ஸ் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் பிசகும்; அது நான்கு மணி நேரம் தாங்கும். ரூபிடியம் அணுக் கடிகாரம் அதைவிடப் பத்து மடங்கு நிலையாக இருந்தால் ஒன்றே முக்கால் நாள். மின்னல் ஆண்டெனாவை எரித்துவிட்டு, மலைப்பாதையும் அடைபட்டு, டெக்னீஷியன் மறுநாள்தான் வருவார் என்கிற ஊரில் நான்கு மணி நேரம் போதாது. சமவெளிக்கு எழுதிய டெண்டரை அப்படியே நகல் எடுத்து மலைக்குப் போடும்போது விட்டுப்போவது இதுதான். ஆண்டெனா கேபிளில் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் ஒழுங்கான எர்த்தும் ரூபிடியத்தைவிட மலிவான காப்பு.

சிக்னல் இருந்தும் தப்பாக வரலாம். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளைச் சேவையிலிருந்து விலக்கும்போது, பொது நேரத்துக்கு மாற்றும் எண் சில செயற்கைக்கோள்களில் தவறாக ஏறி, 13 மைக்ரோ வினாடி பிழை பல மணி நேரம் ஒலிபரப்பானது. கார்களில் வழி காட்டியவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இடக் கணக்குக்கு அந்த எண் தேவையில்லை. டெலிகாம் கருவிகள்தான் அலறின. தேதியிலும் ஒரு கண்ணி உண்டு: ஜிபிஎஸ் பழைய முறையில் வாரங்களை 1024 வரைதான் எண்ணும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். பழைய பலகை ஒன்று இருபது வருடம் முந்தைய தேதியைக் காட்டினால் காரணம் இதுவாக இருக்கும். வினாடித் துடிப்பு அப்போதும் சரியாகத்தான் வரும்.

இதற்கெல்லாம் மாற்று, ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளைக் கேட்கும் ரிசீவர். ஜிபிஎஸ் போல இஸ்ரோ உருவாக்கிய நம் நாவிக் அமைப்பின் வடிவமைப்பு மலைக்கு நன்றாகவே பொருந்தும். ஏழு செயற்கைக்கோள்களில் மூன்று புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும்படி அமைத்தார்கள். அவற்றில் 83 டிகிரி கிழக்கில் ஒன்று. நீலகிரியிலிருந்து பார்த்தால் அந்த இடம் சுமார் 75 டிகிரி உயரத்தில், இரவும் பகலும் நகராமல் இருக்கும். இருபுறமும் சுவர் எழுந்த பள்ளத்தாக்கிலும் அது மறையாது. கூரையின் இடம் தெரிந்த ரிசீவருக்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும் என்று மேலே பார்த்தோம் அல்லவா.

நாவிக்கை வாட்டியதும் கடிகாரம்தான். 2013 ஜூலையில் ஏவிய முதல் செயற்கைக்கோளின் மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் சில ஆண்டுகளில் பழுதாகின. அவை ஐரோப்பாவிலிருந்து வாங்கியவை. அதற்கு மாற்றாக 2017இல் ஏவிய செயற்கைக்கோள் வெப்பக் கவசம் கழலாமல் வீணானது. அகமதாபாத்தில் உருவாக்கிய சொந்த ரூபிடியம் கடிகாரத்தோடு நாவிக்கின் புதிய வரிசைச் செயற்கைக்கோள் என்விஎஸ்-01, 2023 மே 29 அன்று மேலே போனது. போன்களும் சின்ன ரிசீவர்களும் கேட்கும் எல்1 அலைவரிசையும் அதில்தான் முதன்முதலில் சேர்ந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 ஏவப்பட்டது சரியாகத்தான். வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதைக்கு உயர முடியவில்லை. இப்போதைக்கு நேர ரிசீவர் வாங்குகிறவர்கள் நாவிக்கின் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் கேட்கிற மாதிரி ஒன்றை வாங்கி, ஜிபிஎஸ்ஸோடு சேர்த்து ஓட்டுவது நல்லது.